சம்மாட்டி வீட்டுத் தையல்காரி

சுங்கக் காவலாளி ஒருவரைக் கொன்றதாகச் சொல்லி என் அண்ணனை மறியல் சிறையில் போட்டிருந்தார்கள். கொன்றது சொந்த வள்ளங்கள் வைத்துக் கள்ளக்கடத்தல் செய்யும் சம்மாட்டி ஒருவர்தான் என்று கரையோரம் முழுக்கத் தெரியும். வாய் திறக்கத்தான் ஆளில்லை. செத்தவர் சட்டைப்பையில் வைத்திருந்த சங்கிலி மணிக்கூடு காணாமல் போயிருந்தது. அது சம்மாட்டி வீட்டில் அகப்பட்டால் அண்ணன் தூக்குக்குத் தப்புவான், ஆனால் இருக்கும் இடம் தெரியாமல் சோதனைக்குப் போனால் ஒளித்துவிடுவார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். எனக்குப் பொறுக்கவில்லை. “அப்ப நான் போறன்” என்றேன்.

மிஷன் பள்ளியில் தையல் படிப்பித்த வேதக்காரப் பெண் நான். சைவப் பெண்போலத் திருநீறு பூசி, பொட்டு வைத்து, வல்வெட்டித்துறைக்கு அப்பாலிருந்த சம்மாட்டி வீட்டுக்குள் நுழைந்தேன், அவர் மகளின் கலியாணத்துக்கு ரவிக்கை தைப்பவளாக. பயந்தேன்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அத்தனை உற்சாகமாக நான் அதற்கு முன் இருந்ததேயில்லை! வெளி விறாந்தையில் சம்மாட்டி தன் ஆட்களோடு கதைக்கும்போதெல்லாம் மிசினை நிறுத்திக் காது கொடுத்தேன். எந்த வள்ளம், எந்தத் துறை, எல்லாம் மனப்பாடம். “உவளுக்கு வாயே இல்லை” என்று அவர் மெச்சியபோது சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! மணிக்கூடு மட்டும் கண்ணில் படவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் சோற்றுக்கு முன் தலை குனிந்து, கண் மூடி, உதடு அசைய ஜெபித்துவிட்டேன். கண் திறந்தால் எதிரே சம்மாட்டியின் மனைவி, கையில் அகப்பையோடு. எனக்கு உயிரே போய்விட்டது.

“என்ன பிள்ளை முழிக்கிறீர்? வந்த நாள் தொடக்கம் உப்பிடித்தானே கண்ணை மூடுறீர்” என்றார்.

பதினொரு நாளும்! நானோ என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன்.

அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். “வேதக்காரப் பிள்ளை திருநீறு பூசிக்கொண்டு இஞ்சை சும்மா வராது. நீர் தேடுறது அரிசிப் பெட்டகத்துக்கை கிடக்கு. இன்னொருத்தி பெத்த பிள்ளை தூக்கிலை தொங்க, என்ரை பிள்ளைக்குத் தாலி ஏற வேண்டாம். போம்.”

விறாந்தையில் சம்மாட்டி நிமிர்ந்து பார்த்தார். “எங்கை போறாய்?”

“நூல் முடிஞ்சுபோச்சு ஐயா. சந்திக்குப் போட்டு வாறன்.”

“ஓம், கெதியா வா.”

ஒழுங்கை முடிந்து தெருவுக்குத் திரும்பும்வரை அவசரமில்லாமல் ஆறுதலாக நடந்தேன். திரும்பியதும் சேலையைத் தூக்கிப் பிடித்து ஓடினேன் பாருங்கள், பள்ளி ஓட்டப்போட்டியில்கூட அப்படி ஓடியதில்லை. பொழுது சாயுமுன் பொலிஸார் பெட்டகத்தைத் திறந்துவிட்டார்கள்.

அண்ணன் வீடு வந்த அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் கண்ணை மூடி ஜெபித்தான். நான் மூடவில்லை. அவன் எதிரே இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.