பாஞ்சாலியக்காவின் வலது மூட்டு

பாஞ்சாலியக்கா எங்கள் எதிர்வீடு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் சத்துணவு சமைத்தவர். நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்கான சோற்றுக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கியது, அரிசி மூட்டையை இழுத்தது, காய் நறுக்கக் குந்தி எழுந்தது எல்லாமே அந்த இரண்டு கால்களின் மேல்தான். ஓய்வு பெற்ற வருஷத்திலேயே முட்டிகள் வெளிப்பக்கம் வளைந்துவிட்டன. வாசலிலிருந்து தெருக்குழாய்க்கு வர அவருக்குப் பத்து நிமிஷம் ஆகும். நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அவர் வீட்டுக்காரர் தாண்டவராயன். நான் மாமா என்று கூப்பிடுவேன். வளவனூருக்குக் கிழக்கே ஒரு காணி கரும்பு, அரைக் காணி நெல். ஒரே பெண் அஸ்வினி, திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

போன சித்திரையில் மாமா அக்காவை விழுப்புரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். படம் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டது, வலது பக்கம் ரொம்ப மோசம், முதலில் அதை மாற்றிவிடலாம் என்றார். "ஆனா இப்பவே இல்லம்மா. மூணு மாசச் சக்கரை அளவு ஒம்பதுக்கு மேல இருக்கு. ரத்தம் கம்மி, எடை ஜாஸ்தி. மூணு மாசத்துல இதையெல்லாம் சரி பண்ணிட்டு வாங்க. தொடையில பலம் இருந்தாதான் ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்க முடியும்."

செய்ய வேண்டியதையெல்லாம் தமிழில் எழுதித் தரும்படி மாமா நர்சிடம் கேட்டு வாங்கிவந்தார். இரண்டு பக்கத் தாள். அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் சோற்றுப் பசையால் ஒட்டினார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போல முறை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆரம்பித்தார்.

முதலில் சாப்பாடு. ராத்திரிச் சோறு நின்றது. கேப்பை அடையும் முருங்கைக்கீரையும் வந்தன. அக்கா ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டார். மாமா தன் தட்டைக் காட்டினார். அதிலும் அதே அடைதான். "எனக்கு மட்டும் இன்னா சோறா போட்டுக்கினேன்?" என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. இருந்தும் டீயில் சர்க்கரையை அன்றிலிருந்து அவரும் விட்டுவிட்டார்.

பிறகு பல். கடைவாயில் இரண்டு பல் சொத்தை. அதைப் பிடுங்கினால்தான் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். "முட்டிக்கும் பல்லுக்கும் இன்னாடி சம்பந்தம்?" என்று அக்கா என்னிடம் வந்து அழுதார். பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தோடு போய்ப் புது மூட்டில் உட்கார்ந்துகொள்ளும் என்று நர்ஸ் சொன்னதை மாமா பொறுமையாக விளக்கினார். குதிகால் வெடிப்பை ஆற்றச் சொன்னதற்கும் அதே காரணம்தான். ராத்திரி படுக்கும் முன் வெந்நீரில் அவர் காலை ஊறவைத்து, துடைத்து, களிம்பு தடவிவிட்டது மாமாதான். அக்காவால் தன் பாதத்தைத் தானே எட்டித் தொட முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

காலை ஆறு மணிக்குப் பயிற்சி. கட்டிலில் காலை நீட்டி, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கித் துண்டைக் கீழே அமுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை விடக்கூடாது. எண்ணுவது மாமா. நான் வாசல் தெளிக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும்.

"ஆறு... ஏழு..."

"ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல டீக்கடைக்குப் போய்ட்டு வர்றீங்களா? ஜல்தியா எண்ணுங்க, உயிரு போவுது!"

"எட்டு..."

ஆனியில் வீட்டை இடித்தார். துரைக்கண்ணு கொத்தனாரை வைத்துக் குந்தும் கக்கூசை எடுத்துவிட்டு, உட்காரும் கோப்பை பதித்தார். அக்காவை அதன்மேல் உட்காரவைத்து, எழும்போது கை எங்கே போகிறது என்று பார்த்து, சுவரில் சாக்பீசால் கோடு போட்டு, அந்த இடத்தில் கம்பி அடித்தார். சமையலறை வாசற்படியைக் கொத்தித் தரைமட்டமாக்கினார். கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினார். உட்கார்ந்தால் முட்டியைவிட இடுப்பு மேலே இருக்க வேண்டுமாம். கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று வந்தது. கால்மிதியெல்லாம் பரணுக்குப் போயிற்று, தடுக்கிவிடும் என்று.

ஆடி பிறந்தபோது சர்க்கரை ஏழுக்கு வந்திருந்தது. அக்கா ஆறு கிலோ குறைந்திருந்தார். இதயப் பரிசோதனைக்கு விழுப்புரம் போனார்கள். அக்காவை உள்ளே படுக்கவைத்து எக்கோ எடுத்தார்கள். மாமா வெளியே அவர் பையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதயம் நன்றாக இருக்கிறது, மயக்க மருந்து தாங்கும் என்று சொன்னார்கள். ஆவணி முதல் வாரம் நாள் குறித்தார்கள். வரும் வழியில் மாமா எங்கள் வீட்டுக்கும் அரைக் கிலோ மல்லாட்டைக் கடலை வாங்கிவந்து கொடுத்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

பாக்கி இருந்தது வாக்கர் ஒன்றுதான். அஸ்வினியின் மாமியார் இடுப்பு உடைந்தபோது வாங்கியது திண்டிவனத்தில் சும்மா கிடந்தது. அதை எடுத்துவரவும், ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரம் மகள் வந்து தங்க வேண்டும் என்று மருமகனிடம் முறையாகக் கேட்கவும் ஆடி மூன்றாவது செவ்வாய்க்கிழமை மாமா கிளம்பினார். அக்கா வாசலில் நின்று, "வெயிலுக்கு முன்னாடி வந்துடுங்க" என்றார்.

மருமகன் சரி என்று சொல்லிவிட்டார். மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வாக்கரை மடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்திருக்கிறார். விழுப்புரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாக்கரை விரித்து அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாராம். பார்த்துக்கொண்டிருந்த பழக்கடைக்காரர் சொன்னார். பிறகு சரிந்துவிட்டார். ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. மாமாவை இறக்கினார்கள். கூடவே வாக்கரையும் இறக்கினார்கள்.

கூடத்தில் பாய் விரித்து அவரைக் கிடத்தினோம். பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்கா மட்டும் தலைமாட்டில் அந்தக் கைப்பிடி நாற்காலியில் இருந்தார். எல்லோரும் கீழே, இவர் மேலே. குனிந்து அவர் முகத்தைத் தொடப் பார்த்தார். கை எட்டவில்லை.

"என்னக் கீழ எறக்கி வுடுங்கடி. அவரு பக்கத்துல உக்காரணும்."

ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் அஸ்வினி. மெல்ல இறக்கினோம். பாதியில் முட்டி மடங்க மறுத்துவிட்டது. அலறினார். எப்படியோ தரையில் உட்காரவைத்துவிட்டோம். ஆனால் கால்கள் மடங்கவில்லை. இரண்டும் நேராக நீண்டு, பாதங்கள் மாமாவின் பக்கம் பார்த்தபடி இருந்தன.

அதை அவர் பார்த்தார். அதுவரை அழுத அழுகை வேறு, அதற்குப் பிறகு அழுத அழுகை வேறு.

"ஐயோ, அவருக்கு நேரா காலை நீட்டிக்கினு உக்காந்திருக்கிறேனே! தூக்குங்கடி என்னை, தூக்குங்க!"

மறுபடி நாலு பேர் சேர்ந்து தூக்கி நாற்காலியில் வைத்தோம். விடியும்வரை அதிலேயே இருந்தார். மறுநாள் வாய்க்கரிசி போட அவரால் குனிய முடியவில்லை, அஸ்வினி அவர் கையிலிருந்த அரிசியை வாங்கிப் போட்டாள். எடுக்கும்போது பெண்கள் தெருமுனைவரை போவோம். அக்காவால் நாலாவது வீடுவரைதான் வர முடிந்தது. பறைச் சத்தம் தெருமுனை திரும்பி மறைந்தபிறகும் அங்கேயே மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு விஷயம் மூன்றாம் நாள்தான் தெரிந்தது. கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் சீனுவாசன் துக்கம் கேட்க வந்தார். அக்காவிடம் சொல்லத் தயங்கி, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு மாசமா என்கிட்ட கேஸ் மாத்திரை வாங்கிக்கினு இருந்தாருங்க. நெஞ்சு எரியுதுன்னாரு. வேர்க்குதுன்னும் ஒரு நாள் சொன்னாரு. ஒரு ஈசிஜி எடுத்துடுங்க பெரியவரேன்னு ரெண்டு தபா சொன்னேன். 'அவ ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம், இப்ப நான் படுத்துட்டா பேஜாரு'ன்னாரு."

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருந்தார். கேட்டுவிட்டார்.

கருமாதி முடிந்தது. குறித்த நாள் தானாகக் கடந்துபோயிற்று. வருஷம் திரும்பட்டும் என்றார்கள் உறவுக்காரர்கள். அக்காவோ எப்போதுமே வேண்டாம் என்றார். "என் முட்டிக்கு அலைஞ்சு அவரு நெஞ்சு போச்சு. எனக்கு எதுக்குடி நல்ல காலு?" சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழிக்கச் சொன்னார். அஸ்வினி கிழிக்கவில்லை. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அவள் இங்கேயே தங்கிவிட்டாள். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துத் தூக்கி நிறுத்தி, அவளுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் அவள் சுருட்டிய துண்டை எடுத்துவந்து முட்டிக்கு அடியில் வைத்தாள். அக்கா மறுக்கவில்லை, அமுக்கினார். "ஒண்ணு, ரெண்டு" என்று அஸ்வினி ஆரம்பித்ததும், "நீ எண்ணாத" என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் பயிற்சி சத்தமில்லாமல் நடந்தது. சில நாள் நடக்காது. பல நாள் நடந்தது.

புரட்டாசிக் கடைசியில் டாக்டரைப் பார்க்கப் போனோம். அஸ்வினி திண்டிவனம் போயிருந்ததால் துணைக்கு நான் போனேன். ஆபரேஷன் வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டு வரத்தான் அக்கா கிளம்பினார். டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் வேறொன்று கேட்டார்.

"டாக்டர், இத நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே பண்ணிக்கினு இருந்தா, தரையில சம்மணம் போட்டு உக்காந்திருப்பேனா?"

டாக்டருக்கு நடந்ததெல்லாம் முழுசாகத் தெரியாது. "இல்லம்மா. மூட்டு மாத்தினவங்க தரையில உக்காரவே கூடாது. எப்பவும் நாற்காலிதான். நடக்கலாம், படி ஏறலாம், வலி இருக்காது. ஆனா தரை மட்டும் கூடாது" என்றார்.

"அப்பவும் நாற்காலிதானா" என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டார். இத்தனை நாளாக எதைத் தூக்கிச் சுமந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது இறங்கியதா என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் நகர்ந்தது.

"எப்ப வரணும்?" என்று கேட்டார். வெளியே வந்ததும் என்னிடம், "எம் பொண்ணு எத்தினி நாளைக்கு என்னத் தூக்கிக்கினு இருப்பா?" என்றார்.

கார்த்திகையில் ஆபரேஷன் நடந்தது. கிளம்புகிற அன்று, தாளில் எழுதியிருந்தபடியே மருந்து சோப்புப் போட்டுக் குளித்து, மூக்குத்தி, தோடு எல்லாம் கழற்றி அஸ்வினியிடம் கொடுத்தார். தாலி இருந்த கழுத்தில் கழற்ற ஒன்றும் இல்லை.

ஆபரேஷன் ஆன மறுநாளே வாக்கரைக் கொண்டுவந்து நிற்கச் சொன்னார்கள். திண்டிவனத்திலிருந்து வந்த அதே வாக்கர். கைப்பிடியைத் தொடவே அவருக்குக் கை வரவில்லை. அப்புறம் பிடித்தார். பயிற்சி கொடுக்கிற செல்வகுமார் என்ற தம்பி அவர் தொடையைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். "நல்ல பலம் இருக்கேம்மா! பாதிப் பேரு ஒண்ணுமே பண்ணாம வந்துடுவாங்க. யாரு உங்கள இப்படிச் செய்ய வெச்சது?"

"எங்க வூட்டுக்காரரு."

"அவர வரச் சொல்லுங்க. வீட்டுல செய்ய வேண்டியத அவருக்கே காட்டித் தந்துடறேன்."

அஸ்வினி முகத்தை மூடிக்கொண்டு வார்டுக்கு வெளியே போய்விட்டாள். அக்கா அழவில்லை. "என்கிட்டயே காட்டுப்பா, நான் செஞ்சிக்கிறேன்" என்றார்.

வீட்டில் எல்லாம் தயாராகவே இருந்தது. கம்பி அவர் கை போகிற இடத்தில் இருந்தது. கட்டில் சரியான உயரத்தில் இருந்தது. எங்கேயும் தடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் பிடிக்கும்போதும் அழுதார். வலியென்று நினைத்து மாத்திரை கொடுத்தோம்.

தை முடியும்போது கைத்தடியோடு தெருமுனைவரை தனியாகப் போய்வந்தார். அஸ்வினி தன் வீட்டுக்குத் திரும்பினாள். பங்குனியில் அஸ்வினியும் நானும் மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனபோது டாக்டர் படத்தைப் பார்த்து மகிழ்ந்து, "இடது காலையும் ஆவணிக்குள்ள முடிச்சிடலாமா?" என்று கேட்டார். அக்கா வேண்டாமென்று தலையை அசைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அஸ்வினி விடாமல் கேட்டாள். "ஒரு காலு நேரா, ஒரு காலு கோணலா எத்தினி நாளைக்கும்மா? நான் வந்து இருக்கிறேன். இன்னா பயம் உனக்கு?"

"ஒரு காலுக்கே ஒருத்தரு போய்ட்டாரு" என்றார் அக்கா. "இன்னொண்ணுக்கு யாரும் அலைய வேணாம்."

வளவனூரில் இறங்கும்போது அக்கா டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி கெட்ட இடது காலை முதலில் கீழே வைத்து, கம்பியைப் பிடித்து, தானே இறங்கினார்.