காக்கிச் சட்டை காய்ந்த இடம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு அப்போது மின்சாரம் கிடையாது. பம்பின் உச்சியில் ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கும். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பூமிக்கடியிலிருந்து பெட்ரோல் அதில் ஏறும். பிறகு குழாய் வழியே லாரிக்கு இறங்கும். அப்படிப் பகலெல்லாம் ஆட்டிக்கொண்டிருந்தவர் என் அப்பா.

கிரீஸ் கறை சோப்புக்குப் போகாது. அதனால் பங்க் ஆட்கள் எல்லாரும் காக்கிச் சட்டையைப் பெட்ரோலில்தான் அலசுவார்கள். அங்கேயே வெயிலில் உலர்த்துவார்கள். அதையே போட்டுக்கொண்டுதான் அப்பா தினமும் வீட்டுக்கு வருவார். அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. மறுநாள் போட வேறு சட்டை இல்லை என்று அப்பா அதை ஈரத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் ஒற்றை அறையில் அடுப்புக்கு மேலே இருந்த கொடியில் போட்டார்.

அம்மா சோறு வைக்கத் தீக்குச்சி கிழித்தாள்.

"அத்தினி நாத்தம் அடிச்சிருக்குமே, மூக்கு இன்னா அடைச்சிகினா இருந்துது அவளுக்கு?" என்று சாவு வீட்டிலேயே ஒருத்தி கேட்டாள். எழவுக்கு வந்த இடத்தில் நியாயம் பேச இவள் யார் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

மீஞ்சூரிலிருந்து வந்த பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சட்டென்று முகத்தை விலக்கினாள்.

"இன்னாடி, உன் தலையிலகூட பெட்ரோல் நாத்தம் அடிக்குது?"

நான் பின்னலை எடுத்து முகர்ந்து பார்த்தேன். தம்பியிடம் நீட்டினேன், அவனும் முகர்ந்தான்.

எங்கள் இருவருக்கும் எந்த நாத்தமும் தெரியவில்லை.