தும்முவதற்கும் அப்பாவிடம் அனுமதி

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் பூக்கடைக்கு இன்று முதல் புதுச் சட்டம். தலைமைத்துவ வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "இனிமே எது செஞ்சாலும் வாட்சப் குரூப்ல என்கிட்ட கேட்டுட்டுச் செய்ங்க."

சொல்லிவிட்டு மாலை கொடுக்கக் கிள்ளான் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

மாலை கட்டும் செல்வி அக்கா நூலைக் கீழே வைத்தார். "பதினஞ்சு வருஷமா கட்டுறேன். எதிர்க்கடைல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நான் போறேன்லா."

அக்கா போனால் கல்யாண மாலைக்கு வேறு ஆளில்லை. என்னால் உட்கார முடியவில்லை. கடைக்குள்ளேயே நாலு சுற்று நடந்தேன்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் அப்பா சொன்னத அப்படியே செய்வோம்."

கடையே சேர்ந்து குரூப்பில் தொடங்கியது.

"பாஸ், நூலை வெட்டலாமா?"

"பாஸ், மல்லிகைக்குத் தண்ணி தெளிக்கலாமா?"

"பாஸ், ஒரு ஆன்டி ரோஜா கேக்குறாங்க. கொடுக்கலாமா, நாளைக்கு வரச் சொல்லவா?"

"பாஸ், தும்மல் வருது." இது நான்.

அரை மணி நேரத்தில் அப்பா ஜாமில் நின்றபடி அழைத்தார். "தும்மித் தொலை. அக்காகிட்ட போனைக் குடு."

அப்பா என்ன சொன்னாரோ, அக்கா நூலைக் கையில் எடுத்தார். "நாளைக்கும் வரேன் பாஸ். ஆனா குரூப்ல இருந்து என்னைத் தூக்கிடுங்க."

அக்காவைப் பார்த்து மற்றவர்களும் வெளியேறிவிட்டார்கள். குரூப்பில் இப்போது அப்பாவும் நானும் மட்டும்.

நான் வெளியேற யாரிடம் அனுமதி கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.