எக்ஸ்ரே அறைக்குள் என் மருமகள்

கடைவாய்ப் பல் வலி தாங்காமல் இண்டூரிலிருந்து தருமபுரிக்குப் பல் டாக்டரிடம் போன அன்று, மருமகள் துணைக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்கு யாரையும் தனியாக அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். எக்ஸ்ரே அறையில் இருந்த பெண் கதிர் படாமலிருக்க என் மேல் கனமான ஈய அங்கியைப் போர்த்திவிட்டு, சின்ன பிலிம் ஒன்றை வாய்க்குள் வைத்தாள். குமட்டிக்கொண்டு வந்தது, துப்பிவிட்டேன். மறுபடி வைத்தாள், மறுபடி துப்பினேன். அவளுக்கு எரிச்சல். கதவைத் திறந்து, கூட வந்தவர்களில் யாரையாவது வந்து பிலிமைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மருமகள் எழுந்து வந்தாள். கர்ப்பமாக இருக்கிறாயா என்று வாசலில் வைத்தே சத்தமாகக் கேட்டாள் அந்தப் பெண். மருமகள் இல்லை என்றாள். அவளுக்குப் போட இன்னொரு அங்கி இல்லை. அப்படியே வந்து என் வாய்க்குள் விரலை விட்டு அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன். முகம் கழுவிக்கொண்டு நின்றவளைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"ரெண்டு மாசம் ஆவப் போவுதுங்க அத்தை" என்றாள்.

அடிப் பாவி மகளே, கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது என்று அந்தக் கதவிலேயே ஒட்டியிருந்ததே! பல் வலி போன இடம் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களை முந்திக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தேன்.

டாக்டரே திடுக்கிட்டுப்போனார். பிலிமை வாயில் நிறுத்த பிளாஸ்டிக் கருவி இருக்கும்போது எதற்காக ஆளை உள்ளே கூப்பிட்டாய் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டினார். பிறகு எங்களிடம் பொறுமையாகச் சொன்னார். பல் படத்துக்கு விடும் கதிர் மிகவும் கொஞ்சம், அதுவும் என் தாடையை நோக்கித்தான் போயிருக்கிறது, வயிற்றுக்குப் போயிருந்தால் துளியூண்டு, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, பிரசவ டாக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. நான் கேட்பதற்குள் டாக்டரே கேட்டுவிட்டார்.

"கேட்டாங்கல்லம்மா, ஏன் இல்லைன்னு சொன்னே?"

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "மூணு மாசம் முடியற வரைக்கும் வெளியாளுங்க காதுல வுழக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க சார். அப்போ கதவு தொறந்திருந்துச்சு. அத்தைக்குக் கேட்டுடும்."