பேர் அவருடையது, முகம் வேறொருவருடையது

மெர்ல் குபியாக் டொலிடோ நகரப் பேருந்து ஓட்டுநர். பணியில் யாரிடமும் முகம் சுளிக்காதவர். வீட்டில், பேஸ்பால் அட்டைகள் வைத்திருக்கும் அறையில் மட்டும் யாராவது தும்மினால்கூடச் சண்டைக்கு வருவார். பபிள்கம் பொட்டலத்தோடு ஒரு காலத்தில் வந்த அட்டைகள் அவை. ஐம்பத்தேழாம் வருடத்து எங்கள் பக்கத்து அணியின் ஆட்டக்காரர்கள் எல்லோருடைய அட்டையும் அவரிடம் உண்டு. ஒவ்வொன்றிலும் அந்தந்த ஆட்டக்காரரே கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். மற்ற எல்லோரையும் அவர்கள் இறந்து போகுமுன் தேடிப் பிடித்துவிட்டார். கையெழுத்தில்லாத அட்டையை ஆல்பத்தில் வைக்கமாட்டார்; அதனால் அதில் ஓர் உறை மட்டும் காலி. அது ஹோபார்ட் லின்ஸ்கியின் இடம்.

லின்ஸ்கி ஒரே ஒரு வருடம் அந்த அணியில் பந்து பிடிக்கும் கேட்சராக இருந்தவர். இப்போது ஃபின்ட்லேயில், ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறார். அட்டையைத் தபாலில் அனுப்பினால் வெறுமனே திரும்பி வரும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "இது நான் இல்லை."

அது உண்மைதான். லின்ஸ்கி என்று அச்சிட்ட அந்த அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தவர் அதே அணியின் டட்ச் வான்ஸ் என்ற பந்தெறிபவர்.

இந்த வசந்தத்தில் மெர்ல் நேரில் போனார். மனைவி டோரினும் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தோடு கூடப் போனாள். வழியெல்லாம் அவள் மடியில் அட்டை இருந்தது.

"ஓரத்தைத் தொடாதே."

"பின்ன எங்கதான் தொடறது, மெர்ல்? ஓரத்தை விட்டா நடுதானே இருக்கு?"

லின்ஸ்கி சமையலறை மேசையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பலகாரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அட்டையைப் பார்த்ததும் இருண்டது.

"மறுபடியும் இதா? எத்தனை தடவைப்பா சொல்றது?"

"மிஸ்டர் லின்ஸ்கி, பேரு உங்களுதுதானே? ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"பேரு என்னுது. மூஞ்சி டட்ச்சோடது. போட்டோக்காரன் வந்த அன்னிக்கு நான் பல்லு புடுங்கிக்கப் போயிருந்தேன். அந்தக் கழுதை என் தொப்பியைப் போட்டுக்கிட்டு என் ஸ்டூல்ல உக்காந்துட்டான். எங்கம்மா கடை கடையா ஏறி கம் வாங்கி, கடைசியில அட்டை கிடைச்சப்ப, யாருடா இந்தப் பையன்னு என்கிட்டயே கேட்டாங்க. எனக்குன்னு வந்த ஒரே அட்டை இது. போய் டட்ச்கிட்ட வாங்கு."

"அவர் செத்துட்டாருங்க."

"தெரியும். சவப்பெட்டியைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்."

மெர்ல் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு உறைதாங்க காலி. பதினோரு வருஷமா அந்த ஓட்டையைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நான் முப்பத்தெட்டு வருஷமா அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

டோரின் கை நீட்டி அட்டையைக் கவிழ்த்துப் போட்டாள். மெர்ல் எழுந்தேவிட்டார்.

"உக்காரு," என்றாள் அவள். "மிஸ்டர் லின்ஸ்கி, இந்தப் பக்கத்துல டட்ச் இல்ல. உங்க பேரு, ஊரு, ஆடின கணக்குதான் இருக்கு. இதுலயாச்சும் போடுங்க. இல்லேன்னா இவர் என்னைத் தூங்கவிட மாட்டார்."

லின்ஸ்கி கோபத்தில் அந்தப் பக்கத்தை இதுவரை படித்ததே இல்லையாம். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறந்த ஊர் சரி. உயரம் சரி. அடுத்த வரியில் விரல் நின்றது.

"எறிவது இடது கையாலாம்! டேய், நான் கேட்சர்டா!"

மெர்லுக்கும் அது தெரியும். இடது கையால் எறியும் கேட்சரைப் பெரிய அணிகளில் பார்ப்பதே அரிது. ஆனால் அச்சுப்பிழை இருந்தால் அட்டைக்கு மதிப்பு என்று நினைப்பவர் அவர். அவர் வாயைத் திறப்பதற்குள் லின்ஸ்கி பேனாவால் 'இடது' என்பதை அழுத்தமாக அடித்து, மேலே 'வலது' என்று எழுதினார். மெர்ல் தொண்டையில் மீன் முள் சிக்கியவர் போல ஒரு சத்தம் போட்டார்.

"இப்பதான் இது நான்," என்றார் லின்ஸ்கி. அதன் கீழே நிதானமாக, எழுத்து எழுத்தாக, கையெழுத்துப் போட்டார். பிறகு செர்ரிப் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியில், நெடுஞ்சாலையில் ஏறியதும் மெர்ல் புலம்பினார்.

"பேனாவால கிறுக்கிட்டாரு, டோரின்."

"கையெழுத்தும் பேனாவாலதான் போட்டாரு."

அன்று மாலையே காலி உறை நிறைந்தது. அந்த ஓர் அட்டை மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஏதோ தவறு என்று நினைத்துத் திருப்பிவைக்கக் கை நீட்டுகிறார்கள். "விடுங்க, அதுதான் முன்பக்கம்," என்று எரிந்து விழுகிறார் மெர்ல்.