கரிசல் தின்னாத சேலை

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உங்கள் அனைவரையும் வணங்கி, ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். பந்திக்குப் போகிற அவசரத்தில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்த நினைவு மலரை மடித்து வைத்துவிடாதீர்கள். அக்காவைப் பற்றி நம் சொந்தபந்தங்களிடையே ஒரு கேலிப் பேச்சு உண்டு. புஞ்சைக் காட்டில் பாலியஸ்டர் துணியைப் புதைத்து வைத்துவிட்டு, அது மக்கவில்லை, மண் செத்துப்போயிற்று என்று அழுதவர் என்பார்கள். அந்தத் தவறு யாருடையது என்பதைச் சொல்லத்தான் தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. அடுத்தவன் நான், அவ்வளவுதான் குடும்பம். எட்டாம் வகுப்போடு அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் கல்லூரி வரை போனேன். இதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. நான் ஏதாவது மடத்தனம் செய்தால் மட்டும் "காலேசு படிச்சவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பார்.

பத்தொன்பது வயதில் பரளச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். மச்சானுக்கு நான்கு ஏக்கர் கரிசல் புஞ்சை. பிற்பாடு நான் அருப்புக்கோட்டையில் உரக்கடை வைத்து ஓரளவு நிமிர்ந்தபோது, அந்தப் புஞ்சையை ஒட்டியே இரண்டு ஏக்கர் வாங்கிப் போட்டேன். மச்சான் நல்ல உழைப்பாளி. ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். மக்காச்சோளம் ஒரு வருடம் நன்றாக விளைந்ததும் அதையே பிடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டும் மக்காச்சோளம், அதற்கடுத்த ஆண்டும் மக்காச்சோளம். கதிர் சிறுத்துக்கொண்டே வந்தது. என் கடையிலிருந்து போகும் உர மூடை மட்டும் கூடிக்கொண்டே வந்தது. "மண்ணுக்குப் பசி மச்சான், இன்னும் ரெண்டு மூடை சேத்துப் போடுங்க" என்று சொன்னவன் நான்தான். என் காட்டிலும் அதே கதைதான் நடந்தது.

மச்சான் ஒரு நாள் காலையில் மார்வலி என்று உட்கார்ந்தார், எழவில்லை. அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. ஒரே மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நம் முறைப்படி கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடியை நான் கொண்டுபோக வேண்டும். வெள்ளைச் சேலை, சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். அவசரத்தில் நுழைந்த கடையில் அந்தப் பையன் நேர்மையாகவே சொன்னான், "இது முக்கால்வாசி பாலியஸ்டர் கலப்பு சார், பருத்தி வேணும்னா பஜாருக்குள்ள போங்க." விலையும் குறைவு, பார்க்கப் பளிச்சென்றும் இருந்தது. கட்டிக்கொள்ளவா போகிறார், யார் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து அதையே வாங்கிப் போனேன். என் மனைவிக்குக்கூட இது தெரியாது. கூடப் பிறந்தவளின் துக்கத்துக்கு நான் கொண்டுபோன துணி அது என்பதை எழுதும்போது இன்றும் கூசுகிறது.

அக்கா அந்தச் சேலையைக் கட்டவே இல்லை. பதினாறு முடிந்ததும் வழக்கமான வண்ணச் சேலையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். கோடி டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது.

அந்த ஆண்டு திருச்சுழியில் விவசாயிகளுக்கு ஒரு முகாம் நடந்தது. அங்கே வேளாண்மை அலுவலரான ஒரு பெண் பேசியதை அக்கா எழுத்துக்கூட்டி நோட்டில் குறித்து வந்தார். ஒரு பிடி மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. பயிரின் வேர் கசியவிடும் சத்தைத் தின்றுதான் அவை பிழைக்கின்றன. ஒவ்வொரு பயிரும் ஒவ்வொரு விதமாகக் கசியும். அதற்கேற்ற உயிர்கள் பெருகும். ஒரே பயிரை வருடாவருடம் போட்டால் அந்தப் பயிரின் நோய்க்கிருமிகள் மண்ணிலேயே குடியிருந்து பெருகிவிடும், நன்மை செய்யும் பல வகை உயிர்கள் குறைந்துவிடும். மண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து இரண்டு மாதம் கழித்து எடுப்பது. உயிருள்ள மண் அதைத் தின்றிருக்கும்.

அக்காவுக்குச் சட்டென்று கோடி நினைவு வந்தது. பெட்டியில் சும்மா கிடக்கும் சுத்தப் பருத்தி. அதிலிருந்து ஒரு முழம் கிழித்து, ஐப்பசி விதைப்பின்போது மக்காச்சோளத்துக்கு நடுவே புதைத்தார். மார்கழிக் கடைசியில் தோண்டி எடுத்து அலசினால் துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. கடைக்குப் போன் செய்தார்.

"தம்பி, நம்ம மண்ணு செத்துப்போச்சுடா."

"எந்தத் துணியக்கா பொதைச்ச?"

"நீ கொண்டாந்த கோடியத்தான். அதவிடச் சுத்தமான பருத்தி வீட்டுல வேற ஏது?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கடையில் ஆட்கள் நின்றார்கள். "மழை பத்தாம இருக்கும்க்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அக்கா அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை. மக்காச்சோளத்தை நிறுத்தினார். அடுத்த ஆண்டு உளுந்து, அதற்கடுத்த ஆண்டு குதிரைவாலி என்று மாற்றிப் போட்டார். உளுந்து பூத்த சமயம் நான் போனபோது ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வேரைக் காட்டினார். வேரெல்லாம் கடுகும் மிளகுமாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினார், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடு அது. சிவந்திருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அறுவடைக்குப் பிறகு அந்த வேரும் சருகும் மண்ணிலேயே மக்கி அடுத்த பயிருக்கு உரமாகும். மறு ஆண்டு குதிரைவாலிக்கு என் கடையிலிருந்து போன உரம் பழைய அளவில் பாதிகூட இல்லை. மழை ஒரு தடவை ஏமாற்றியும் பயிர் வாடவில்லை.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும் அக்காவுக்கு நிம்மதி இல்லை. காரணம் அந்தச் சேலைதான். இரண்டு ஆண்டும் வருடத்துக்கு ஒரு முழமாக அதைக் கிழித்துப் புதைத்தார், இரண்டு ஆண்டும் அது முழுசாகவே வெளியே வந்தது. வேர் சொன்னதைவிடப் பிறந்த வீட்டுத் துணி சொன்னதைத்தான் அவர் நம்பினார். கோடியில் கலப்பு இருக்கும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. நம் பெண்கள் யாருக்கும் வராது.

மூன்றாம் ஆண்டு ஆவணியில், சூரிய மின்சாரத்துக்கு நிலம் கேட்டு ஆட்கள் அந்தப் பக்கம் சுற்றினார்கள். நீண்ட காலக் குத்தகை. கையெழுத்துப் போட்டுவிட்டால் அக்காவின் ஆயுளில் அந்தக் காட்டில் ஏர் இறங்காது. அக்கா அமைதியாகச் சொன்னார், "செத்த மண்ண வச்சு நான் என்னடா செய்ய? குடுத்துர்றேன். வர்ற வெள்ளிக்கெழமை கையெழுத்து."

புதன்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். அக்கா குதிரைவாலி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடைப் பையன் சொன்னதையும் நான் நினைத்ததையும் மறைக்கவில்லை. அக்கா சுளகைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"ஏலே, ஒங்கடை உரத்துல கலப்படம் இருக்குமோன்னு ஊரு பேசுறப்ப நான் சண்டைக்குப் போனேன். நீ கோடியிலயுமா கலந்த?"

பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "அப்பம் எம் மண்ணு சாகலயாடா?" என்று கேட்டார்.

"தெரியலக்கா. நல்ல துணியாப் பொதைச்சுப் பாப்போம். அதுவரைக்கும் கையெழுத்துப் போடாத."

பருத்திக் காடாத்துணி வாங்கி வந்து, மக்காத பாலியஸ்டர் நூலால் ஓரம் தைத்து, ஐப்பசி மழைக்குப் பின் இரண்டு துண்டுகளைப் புதைத்தோம். அக்காவின் காட்டில் அந்த ஆண்டு பாசிப்பயறு விதைத்திருந்த இடத்தில் ஒன்று; பக்கத்தில் நான் வழக்கம்போல மக்காச்சோளம் போட்டிருந்த என் காட்டில் ஒன்று. இரண்டு மாதம் குத்தகைக்காரர்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். அக்கா எடுத்துப் பேசி, "மண்ணு பதில் சொல்லட்டும்யா" என்று வைத்துவிடுவார்.

மார்கழியில் ஒரு காலை, அக்காவின் மகளும் வந்திருந்தாள். முதலில் என் காட்டில் தோண்டினோம். துணி அழுக்காக இருந்தது, அங்கங்கே சில ஓட்டைகள். மற்றபடி மடித்து வைக்கலாம். பிறகு அக்காவின் காடு. மண்வெட்டியை வைத்துவிட்டு அவர் கையாலேயே கிளறினார். துணியைக் காணோம். ஓரம் தைத்த நூல் ஒரு சதுரமாக வந்தது, அதில் நைந்த இழைகள் சில தொங்கின.

"கரையான் தின்னிருக்கும்" என்றேன், மனசு கேட்காமல்.

"ஒன் காட்டுக்குக் கரையானுக்கு வழி தெரியாதோ?" என்றார் அக்கா. அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுதார். மச்சான் இறந்தபோதுகூட அவர் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே குத்தகைக்காரர்களுக்குப் போன் போட்டு நிலம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அடுத்த பருவத்திலிருந்து நானும் என் காட்டில் பயிரை மாற்றினேன். கடைக்கு வருகிறவர்களிடம், மூடையைத் தூக்கும் முன் "போன வருசம் என்ன போட்டீக?" என்று கேட்கிற பழக்கமும் வந்தது. சிலர் மூடை வாங்காமல் பயறு விதை கேட்டுப் போகிறார்கள். கடை மூடிப்போய்விடவில்லை.

போன ஆண்டு சிறுநீரகம் கெட்டு, அக்கா மதுரை மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தார். கடைசியாக நினைவோடு பேசிய அன்று, என் காட்டில் இந்த வருடம் என்ன என்று கேட்டார். உளுந்து என்றேன். "நுண்ணுயிர் உரப் பொட்டலத்தக் கஞ்சியில கரைச்சு வெதையில பெரட்டுவல்ல, அத நெழல்ல ஒணத்து. வெயில்ல போட்டா அதுக செத்துப்போகும்" என்றார். அப்படியே செய்தேன். முளைப்பு நன்றாக வந்தது. அக்காவின் காட்டை அவர் மகள் பார்த்துக்கொள்கிறாள். இந்த ஆண்டு அதில் சோளம் நிற்கிறது.

மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், வண்டி கொடுத்தவர்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்த பரளச்சிச் சொந்தங்களுக்கும், அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நோட்டைத் திருத்திக் கொடுத்த அந்த வேளாண்மை அலுவலருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. ஒரு காதுகுத்து விருந்தில் யாரோ அந்த மக்காத துணியைப் பற்றிக் கேட்டபோது, "நான்தான் சீலைய மாத்திப் பொதைச்சுட்டேன், கூறுகெட்டவ" என்று அக்கா சொல்லிவிட்டார். பந்தியே சிரித்தது. நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று பிறகு கேட்டதற்கு, "பொறந்த வீட்டுக் கோடியில ஒம் பொண்டாட்டி பேரும் சேந்திருக்குடா. பாவம், அவளத்தான் பேசுவாக. சும்மா இரு" என்றார். சாகும்வரை அந்தக் கேலியைத் தானே சுமந்தார்.

அக்கா, நீ சும்மா இருக்கச் சொன்னதை இன்று மீறிவிட்டேன். உறவினர்களே, அடுத்த விசேஷத்தில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வேண்டுமென்றால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் என் பெயரைச் சொல்லிச் சிரியுங்கள். நானும் அங்கேதான் இருப்பேன்.