வார கல்லா, போன கல்லா

கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த கனகாம்பரத்தில் பச்சைத் தோல் வாடையும் உப்பும் மழைத்தண்ணீரும் மணக்கும். பெரியப்பா அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்ததால் வந்த மணம் அது.

பெரியப்பா என்றால் எங்கள் அய்யாவின் அண்ணன். தாராவியில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. பெரியம்மா முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள், அதற்குப் பிறகு அவர் வேறு கல்யாணம் கட்டவில்லை. தம்பியைப் பம்பாய்க்கு வரவழைத்து, தம்பிக்குப் பெண் பார்த்து, தம்பி பிள்ளைகளான அக்காவையும் என்னையும் தன் பிள்ளைகளாக நினைத்து, எங்கள் குடிசைக்குப் பக்கத்திலேயே ஒரு சாய்ப்பு இறக்கிப் படுத்துக்கொண்டார். வேலை முடிந்து வந்தால் முதலில் குழாயடியில் குளிப்பார். "தோல் வாடை பிள்ளைய சோத்துல ஏறும்லா" என்பார். அதன் பிறகு வாசலில் நின்று ஒரு இருமல். அந்த இருமலைக் கேட்டு அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அம்மாவுக்கு அவர் அத்தான். அவருக்கு அம்மா "தாயி". ஒரே ஒரு நாளைத் தவிர, ஒருவர் முன்னால் ஒருவர் நின்று பேசி நான் பார்த்ததில்லை. சோறு வேண்டுமா என்று கேட்பதும் வேண்டாம் என்பதும் அக்கா வழியாகத்தான் போகும் வரும்.

அவருக்கு இந்தி வராது. தோல் கம்பெனி இந்திதான் தெரியும். தூக்கு, இறக்கு, அப்புறம் "சுட்டி". சுட்டி என்றால் லீவு. மேஸ்திரி "கல் சுட்டி" என்று கத்தினால் நாளைக்கு வேலை இல்லை என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டால் பெரியப்பா முகம் மலர்ந்துவிடும். லீவு அன்றைக்கெல்லாம் எங்களை மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போய் டிராம் காட்டுவார். டிராமும் கொஞ்ச நாளில் போய்விட்டது. எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன்.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். எங்கள் அய்யா நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள், எங்களை விட்டுவிட்டு அம்மாவாலும் அடிக்கடி போக முடியாது. பெரியப்பாதான் வேலை விட்டதும் ஓடுவார். நடுவில் மழை கொட்டித் தண்டவாளம் முங்கியதால் அவராலும் போக முடியாமல் இருந்தது. தண்ணீர் வடிந்த அன்று போனபோது பார்க்கும் நேரம் தாண்டிவிட்டது. வார்டு வாசலில் தரை கழுவிக்கொண்டிருந்த ஆளிடம் தம்பி பெயரையும் கட்டில் இருக்கும் மூலையையும் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்த ஆள் நிமிராமலே, "உஸ்கா கல் சுட்டி" என்றானாம்.

அன்று பெரியப்பா குளிக்கவில்லை. இருமவும் இல்லை. நேராக வாசலுக்கு வந்து சட்டைக்குள்ளிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"ஏளா, இதை உங்கம்மைட்ட குடு. நாளைக்கு அவனுக்கு சுட்டியாம். வீட்டுக்கு வாரான்."

கொழுந்தன் சம்சாரத்துக்கு... இல்லை, தம்பி சம்சாரத்துக்கு மூத்தவர் பூ வாங்கிவருகிற வழக்கம் எங்களில் கிடையாது. அம்மா அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்து, "என்னட்டி, மாப்பிளை வாராவளோ? மூஞ்சி தட்டாஞ்சட்டித் தங்கம் கணக்கா மினுங்குது" என்றாள். அம்மா அவளை அடிக்கக் கை ஓங்கிச் சிரித்தாள். அன்று சாயங்காலம் தரையைக் கழுவி, அய்யாவுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டை ஊறப்போட்டாள். அதைத் தொட்ட என் கையை ஒரு தட்டு தட்டினாள். அதுவும் சிரித்துக்கொண்டேதான்.

மறுநாள் காலையில், துவைத்து மடித்த அய்யாவின் வேட்டி சட்டையோடு பெரியப்பா கிளம்பிப் போனார். மத்தியானம் திரும்பிவந்தார். வேட்டி மடிப்புக் கலையாமல் அவர் கையிலேயே இருந்தது. குழாயடியில் அப்படியே நின்றார். அம்மா கதவுக்குப் பின்னால் போகாமல் வெளியே வந்தாள். தலையில் பூ.

"தாயி, அது போன கல்லு" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. இந்தியில் நேற்றுக்கும் "கல்"தான், நாளைக்கும் "கல்"தான். சுட்டி என்று அந்த ஆள் சொன்னது, கதை முடிந்தது என்கிற சுட்டி. பெரியப்பா பூ வாங்கிவந்த அன்றைக்கு முந்தின நாளே அய்யா போய்விட்டார்.

கொஞ்ச நாளில் குழாயடியில் பேச்சு கிளம்பியது. புருசன் செத்த பிறகு பூ வைத்துச் சிரித்தவள் என்றார்கள். பக்கத்து வீட்டு மதினியும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். பெரியப்பா குடத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"பூ வாங்கினது நான். அந்தப் பிள்ளையப் பேசாதிய. பேசணும்னா என்னையப் பேசுங்க."

சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் எங்களை வளர்த்தார், அக்காவை அம்பர்நாத்தில் கட்டிக்கொடுத்தார். ஆனால் கல்யாணத்துக்குக்கூட அவர் கையால் பூ வாங்கவில்லை. யார் "கல்" என்று சொன்னாலும், "வார கல்லா, போன கல்லா?" என்று கேட்காமல் விடமாட்டார். ரேஷன் கடைக்காரன் அதைக் கேட்பதற்கென்றே "மாமா, கல் ஆவ்" என்று வரச் சொல்வான். தெருப் பையன்கள் அவர் பின்னால் அதையே பாட்டாகப் பாடிக்கொண்டு ஓடுவார்கள். அவர் நின்று, சிரிக்காமல், ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

அவர் பாயில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்த காலத்தில், அம்மா ஒருநாள் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். எனக்குத் தெரிந்து அவரிடம் அவள் நேராகப் பேசியது அப்போதுதான்.

"அத்தான், அதையே நினைச்சு மருகாதிய. அவ்வோ இல்லாமப் போன பெறவும் எனக்கு ஒரு நாள் கிடைச்சுது. நீங்க குடுத்ததுதான்."

அவர் கதவுப் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "அது நல்ல பூவா தாயி? மழையில நனைஞ்சிட்டுதே" என்றார்.

இப்போது அந்தத் தோல் கம்பெனி இல்லை, குழாயடி இல்லை. குடிசை இருந்த இடத்தில் லிஃப்ட் வைத்த கட்டடம் நிற்கிறது. என் பேரன் கல்யாண் ஊரிலிருந்து போனில், "தாத்தா, கல் ஆவூங்கா" என்கிறான். வார கல்லா போன கல்லா என்று கேட்டால் சிரிக்கிறான். ஆவூங்கா, அதாவது வருவேன் என்று சொன்னாலே வருகிற நாள்தானாம். அவன் சொல்வது சரிதான். தரை கழுவிய அந்த ஆள் அப்படி ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அம்மாவுக்கு அந்தச் சாயங்காலம் இருந்திருக்காது.

போன வாரம் மாட்டுங்கா பூக்கடையில் கனகாம்பரம் பார்த்தேன். ஒரு முழத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். "அதுல வாசம் இருக்காது பெரியவரே" என்றாள் பூக்காரி.

இல்லைதான்.